நான்காவது கால்வாய்

மார்ச் 6

டாக்டருக்கு,

பெட்டி நேற்று வந்தது. சீசாக்கள் எதுவும் உடையவில்லை. ஒன்றில் மட்டும் மூடி தளர்ந்து தண்ணீர் பஞ்சில் இறங்கியிருந்தது. பற்கள் காய்ந்துபோனால் எனக்கு உதவாது. அடுத்த தடவை மூடியைச் சுற்றி டேப் ஒட்டும்படி நர்ஸக்காவிடம் சொல்லுங்கள்.

போனில் பேசினால் என்ன ஆகிறது என்று நம் இருவருக்கும் தெரியும். கடைசியாகப் பேசியபோது போனை நீங்கள் வைத்தீர்களா, நான் வைத்தேனா என்றுகூட ஞாபகம் இல்லை. அதனால் ஒரு யோசனை. மாதாமாதம் நீங்கள் பிடுங்கிய பற்களை எனக்கு அனுப்பத்தான் போகிறீர்கள். அந்தப் பெட்டியில் ஒரு கடிதமும் வையுங்கள். காலிப் பெட்டி திரும்பும்போது நான் ஒன்று வைக்கிறேன். கடிதத்தில் ஒருவர் பேச்சை ஒருவர் வெட்ட முடியாது. எனக்கு அது போதும்.

நான் இங்கே என்னதான் செய்கிறேன் என்று அத்தை கேட்டதாகச் சொன்னீர்கள். அவர்களுக்குப் புரியும்படி நீங்களே சொல்லுங்கள். ரூட் கெனால் செய்யும்போது வேருக்குள் இருக்கும் கால்வாய்களைச் சுத்தம் செய்து, சுண்ணாம்பு மருந்து வைத்து, மேலே தற்காலிகமாக அடைத்து, இரண்டு வாரம் கழித்து வரச் சொல்வீர்கள் அல்லவா? இடைப்பட்ட நாட்களில் கிருமியைக் கொல்வது அந்த மருந்தின் பொறுப்பு. ஆனால் கால்வாயின் சுவர் முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத துளைகள். கிருமி அதற்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. மருந்துப் பொடி பெரிதாக இருப்பதால் வாசலிலேயே நின்றுவிடுகிறது. நான் அந்தப் பொடியை நானோ அளவுக்குச் சிறிதாக்கப் பார்க்கிறேன். கிருமி போன இடத்துக்கு மருந்தும் போக வேண்டும். உயிருள்ள வாயில் இதைச் சோதிக்க இன்னும் காலம் இருக்கிறது. அதுவரைக்கும் உங்கள் சீசாப் பற்கள்தான்.

என் பல்லைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. நானே சொல்லிவிடுகிறேன். வலது பக்கத்து மேல் கடைவாய்ப் பல், நீங்கள் திறந்து மருந்து வைத்து அடைத்தது, அப்படியேதான் இருக்கிறது. சூடாக எதையாவது குடித்தால் வலிக்கிறது.

இப்படிக்கு,
நான்


ஏப்ரல் 4

அடியே பொடி,

நாலே முக்கால் அடி உயரத்துக்கு அந்தப் பெயர் வைத்தேன், இப்போது நீ பொடி அரைத்தே பிழைக்கிறாய். என் வாய் முகூர்த்தம் அப்படி.

கூரியர் ஆபீசில் நேற்று ஒரே கூத்து. கவுண்டரில் இருந்த பெண் பெட்டியைக் குலுக்கிப் பார்த்துவிட்டு, “உள்ள என்ன சார்?” என்றாள். “பல்லு” என்றேன். “பல் செட்டா?” “இல்லம்மா, மனுஷப் பல்லு. நாப்பது இருக்கும்.” அவள் எழுந்து பின்னால் போய்விட்டாள். மேனேஜரைக் கூட்டிக்கொண்டு வந்த பிறகு உங்கள் கல்லூரியின் அனுமதிக் கடிதத்தைக் காட்டி, அவரை உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, எல்லாம் ஆயிற்று. மூடிகளுக்கு டேப் சுற்றியாயிற்று. நர்ஸக்கா சுற்றிய சுற்றில் நீ கத்தி வைத்துத்தான் திறக்க வேண்டியிருக்கும்.

பல்லைத் தருகிறீர்களா என்று ஒவ்வொரு நோயாளியிடமும் கேட்கிறேன். யாரும் மாட்டேன் என்பதில்லை. ஒரு லாரி டிரைவர் மட்டும் பிடுங்கிய பல்லைக் கையில் வாங்கி ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். “போய் நல்லாப் படி” என்று அதனிடம் சொல்லிவிட்டு சீசாவில் போட்டார். மூன்றாவது சீசாவில் பெரிய வேரோடு ஒன்று இருக்கும். அதுதான். மரியாதையாக நடத்து.

அம்மாவிடம் நீ எழுதியதைப் படித்துக் காட்டினேன். “அவ்ளோ சின்னதாப் பொடி பண்றவளுக்கு இங்க வந்து இருக்கத் தெரியலையா?” என்றாள். என்னைக் கேட்டால் நான் என்ன சொல்ல.

பல் விஷயம். அந்த சிமெண்ட் இரண்டு வாரத்துக்குப் போட்டது. அதைப் போய் அடைகாக்கிறாயே! உன் கட்டடத்திலேயே பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. யாரிடமாவது காட்டி முடித்து ஒரு கேப் போட்டுக்கொள். வலிக்கிறது என்பதெல்லாம் ஒன்றும் இல்லை. மூன்று கால்வாயையும் நானே சுத்தம் பண்ணினேன். வலிக்க அதில் எதுவும் மிச்சம் இல்லை.

உன்,
பல் பிடுங்கி


மே 8

டாக்டருக்கு,

டிரைவர் பல்லை மரியாதையாகத்தான் நடத்தினேன். ஆனால் இந்த மாதம் சீசாவில் இருந்த எல்லோருக்குமே அவமானம். வெள்ளியை நானோ துகளாக்கி மருந்தோடு சேர்த்திருந்தேன். கிருமி செத்தது. பற்களும் சாம்பல் நிறமாகிவிட்டன. இரண்டு மாத உழைப்பு. என் ஆய்வை வழிநடத்தும் பேராசிரியை மேடம் ஒரு பல்லை இடுக்கியில் எடுத்து வெளிச்சத்தில் காட்டி, “இந்த நிறத்துல சிரிக்க யாரு ஒத்துக்குவாங்க?” என்றார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது, பிறகு கழிவறையில் போய் அழுதேன். வெள்ளி வேண்டாம் என்று முடிவாகிவிட்டது. இனி மறுபடி முதலிலிருந்து.

நீங்கள் எழுதியதை இரண்டு தடவை படித்தேன். “வலிக்கிறது என்பதெல்லாம் ஒன்றும் இல்லை.” அன்றைக்குக் கிளினிக்கிலும் இதையேதான் சொன்னீர்கள். நாற்காலியில் வாயைத் திறந்துகொண்டு படுத்திருக்கிறேன். பல் பார்க்கும் கண்ணாடியின் கைப்பிடியால் பல்லைத் தட்டி, “வலிக்குதா?” என்றீர்கள். ஆமாம் என்று தலையை ஆட்டினேன். “இருக்காது. நரம்பையே எடுத்தாச்சு. நரம்பே இல்லாத பல் எப்படிடி வலிக்கும்?” என்று சிரித்தீர்கள். நர்ஸக்காவும் சிரித்தார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. நீங்கள் சிரித்தால் அவர்கள் சிரிப்பார்கள்.

வலிக்கிறதா என்று ஏன் கேட்டீர்கள்? பதில் உங்களிடமே இருக்கும்போது என்னை எதற்குக் கேட்க வேண்டும்?

எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். எழுதிவிடுகிறேன். அதற்கு முன்னால் ஒரு நாள் சாயங்காலம் அப்பா, நெஞ்சு ஒருமாதிரி இருக்கிறது என்று என்னிடம்தான் போன் பண்ணினார். நீங்கள் என் கையிலிருந்து போனை வாங்கி, “ஒண்ணும் இல்ல மாமா, வாயுவா இருக்கும். வெந்நீர் குடிச்சிட்டுப் படுங்க, காலைல வர்றோம்” என்றீர்கள். நீங்கள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அப்பாவுக்கும் அதைக் கேட்டதும் தெம்பாகிவிட்டது. “மாப்பிள்ளையே சொல்லிட்டாரு” என்று என்னிடம் சொல்லிவிட்டு வைத்தார். காலையில் நாம் போனோம். பக்கத்து வீட்டுக்காரர் கதவை உடைத்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு இன்றுவரை நீங்கள் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நான் அழுதால் “சரியாயிடும்” என்றீர்கள். எனக்குச் சரியாகவில்லை. நான் இங்கே வந்ததற்கு இந்த வேலை காரணம் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறோம். சொல்லிக்கொண்டிருப்போம்.

பல்லை வேறு யாரிடமும் காட்ட மாட்டேன். நீங்கள் திறந்தது. நீங்களே மூடுங்கள்.

இப்படிக்கு,
நான்


ஜூன் 11

பற்கள் அனுப்பியிருக்கிறேன். இந்த மாதம் குறைவுதான்.

நானும் ஒன்று சொல்கிறேன். நீ கிளம்பிய அன்று எனக்கு முன்னால் ஒருத்தர் வாயைப் பிளந்துகொண்டு படுத்திருந்தார். என் இரண்டு கையும் அவர் வாய்க்குள். நீ கதவருகே பையோடு நின்று “வண்டி வந்துடுச்சு” என்றாய். நான் நிமிர்ந்து பார்ப்பதற்குள் போய்விட்டாய். அந்த ஆள், வாய் நிறைய பஞ்சோடு, என்னைப் பாவமாகப் பார்த்தார். பத்து நிமிஷம் முன்னாலோ பின்னாலோ வந்திருக்கக் கூடாதா? வேண்டுமென்றேதான் அந்த நேரத்தில் வந்தாய் என்று நினைக்கிறேன்.

மாமாவைப் பற்றி நீ எழுதியதற்கு நான் என்ன பதில் எழுதினாலும் தப்பாகத்தான் போகும். அதனால் எழுதவில்லை.

வீட்டில் உன் பக்கத்து அலமாரியை அம்மா சுத்தம் பண்ணப் போனாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வெள்ளி போனால் போகட்டும். வேறு ஏதாவது சிக்கும். நீ விடாக்கொண்டி என்று எனக்குத் தெரியாதா.

நான்தான்


ஆகஸ்ட் 14

என்னங்க,

யாரிடமாவது சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும். சொல்ல எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

வேலை செய்கிறது! வெள்ளியை விட்டுவிட்டு, இறால் ஓட்டிலிருந்து எடுக்கிற ஒரு பொருளை மருந்துத் துகளின் மேல் பூசினேன். போன வாரம் உங்கள் பற்களில் ஆறை நீளவாக்கில் பிளந்து எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்தோம். பழைய மருந்து வைத்த பற்களில் பொடி, சல்லடையில் தங்கிய தவிடு மாதிரி வாசலிலேயே நிற்கிறது. என் மருந்து துளைகளுக்குள் போயிருக்கிறது. வரிசை வரிசையாக, உள்ளே, ரொம்ப உள்ளே. கிருமி ஒளிந்திருந்த இடம் வரைக்கும். பல்லின் நிறம் துளிகூட மாறவில்லை. மேடம் என் தோளில் கையை வைத்தார்கள். உங்கள் லாரி டிரைவரின் பல்தான் எல்லாவற்றிலும் நன்றாக வந்திருக்கிறது. அவர் மறுபடி வந்தால், பாஸ் பண்ணிவிட்டது என்று சொல்லுங்கள்.

பிளந்து பார்க்கும்போது இன்னொன்றும் கவனித்தேன். நீங்கள் அனுப்பிய மேல் கடைவாய்ப் பற்களில் பாதிக்கு மேல் நான்கு கால்வாய். கன்னத்துப் பக்கத்து முன் வேரில் பெரியதற்குப் பக்கத்தில் முடி மாதிரி இன்னொன்று ஒளிந்திருக்கிறது. எவ்வளவு பேருக்கு இருக்கிறது என்று பார்த்து ஆச்சரியப்பட்டேன்.

இப்போது முக்கியமான விஷயம். மேடத்திடம் என் பல்லைப் பற்றிச் சொன்னேன். சிரிக்கவில்லை. டிசம்பர் கடைசி வாரம் கல்லூரிக்கு விடுமுறை, கிளினிக் காலியாக இருக்கும். “உன் வீட்டுக்காரர் வந்தால் ஒரு நாற்காலியை மத்தியானம் முழுக்கத் தருகிறேன், அவரே முடித்துவிட்டுப் போகட்டும்” என்றார்கள். இருபத்தாறாம் தேதி என்று எழுதிவைத்திருக்கிறார்கள்.

வாருங்கள். பல்லை முடித்துவிட்டு ஒரு வாரம் இருங்கள். எனக்கு ஒரே ஒரு அறைதான். கட்டில் சின்னது. ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர்தான் தெரியும். இருந்தாலும் வாருங்கள். அப்பாவைப் பற்றி நாம் ஒரு தடவையாவது உட்கார்ந்து பேச வேண்டும். சண்டை போட அல்ல. அவரை நினைத்து நான் அழும்போது நீங்கள் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தால் போதும். அது நடந்தால் நான் மார்ச்சில் வேலை முடிந்ததும் வீட்டுக்கு வந்துவிடுவேன். நடக்காவிட்டால் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியவில்லை. இதை மறைத்து என்ன பிரயோஜனம்.

உங்கள்,
பொடி


செப்டம்பர் 15

என் பொடிக்கு,

உன் கடிதத்தை நர்ஸக்கா, அம்மா, வரவேற்பறையில் உட்கார்ந்திருந்த மூன்று நோயாளிகள், அத்தனை பேருக்கும் படித்துக் காட்டினேன். கடைசிப் பத்தியை மட்டும் விட்டுவிட்டேன், பயப்படாதே. அம்மா “இறால் ஓடா?” என்று கேட்டுவிட்டு அதற்குப் பிறகு அதைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறாள். டிரைவருக்குப் போன் பண்ணியே சொல்லிவிட்டேன். “எங்க வீட்லயே பாஸ் பண்ணின மொத ஆளு அதுதான் சார்” என்கிறார்.

வருகிறேன். இருபத்தாறாம் தேதி. டிக்கெட் போட்டாயிற்று. கால்வாயைச் சுரண்டும் ஊசிகளில் கல்லூரியுடையதை நம்பாமல் என்னுடையதையே எடுத்து வருகிறேன். அந்த உருப்பெருக்கிக் கண்ணாடியும் வருகிறது. மேடத்துக்கு என்ன பிடிக்கும் என்று எழுது.

நான்காவது கால்வாயைப் பற்றி எனக்கே பாடம் எடுக்கிறாயா? நாங்களும் படித்திருக்கிறோம் தாயே. உன் பல்லில் தேடினேன். இல்லை. எல்லோருக்கும் இருக்காது. உனக்கு மூன்றுதான், உன் உயரத்துக்கு அது போதும்.

கட்டில் சின்னதாக இருந்தால் நீ கீழே படுத்துக்கொள்.

நீ சொன்னபடி பேசுவோம். நான் பேச்சில் கெட்டிக்காரன் இல்லை, வாய்க்குள் கையை விட்டுவிட்டு அடுத்தவர்களைப் பேசவிடாமல் செய்வதுதான் என் தொழில். ஆனாலும் உட்காருகிறேன்.

உன்,
பல் பிடுங்கி


டிசம்பர் 22

பொடி,

கோபப்படாமல் படி. இந்தப் பெட்டி நான் வருவதற்கு முன்னால் வருகிறதே என்று பார்த்ததுமே உனக்குப் புரிந்திருக்கும்.

கிளினிக்கில் புது நாற்காலியும் எக்ஸ்ரே மெஷினும் வந்து இறங்கியிருக்கின்றன. பொருத்துகிற ஆட்கள் இந்த வாரம் விட்டால் அடுத்த மாதம்தான் என்கிறார்கள். நான் இல்லாமல் எங்கே எதை வைப்பார்கள் என்று சொல்ல முடியாது. நர்ஸக்காவுக்கும் விடுமுறை கொடுத்துவிட்டேன். எல்லாம் ஒரே நேரத்தில் வந்து நிற்கிறது. டிக்கெட்டை மாற்றிவிட்டேன். ஜனவரி பதினைந்துக்குள் கண்டிப்பாக வருகிறேன்.

பத்து மாதம் தாங்கிய பல் இன்னும் மூன்று வாரம் தாங்காதா? ஒண்ணும் ஆகாது. மேடத்திடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல். இந்த மாதம் பற்கள் நிறைய இருக்கின்றன. கடைவாய்ப் பற்களைத் தனியாக வைத்திருக்கிறேன், உனக்கு வசதியாக இருக்கும்.

உன்,
நான்


ஜனவரி 9

டாக்டருக்கு,

பெட்டி இருபத்தேழாம் தேதிதான் வந்தது. விடுமுறைக் கூட்டத்தில் எங்கோ தங்கிவிட்டதாம். அதனால் இருபத்தாறாம் தேதி எனக்கு ஒன்றும் தெரியாது. உங்கள் போன் மணி அடித்துக்கொண்டே இருந்தது. மெஷின் பொருத்தும் சத்தத்தில் கேட்டிருக்காது.

காலையிலேயே கிளினிக்கைத் திறந்து நாற்காலியைத் துடைத்தேன். மேடம் விளக்கைப் போட்டுப் பார்த்து, தட்டில் எல்லாவற்றையும் எடுத்து வைத்துவிட்டு, நாம் தனியாக இருக்கட்டும் என்று கிளம்பிப் போய்விட்டார்கள். நான் போய் நாற்காலியில் உட்கார்ந்தேன். உட்கார்ந்தே இருந்தால் நீங்கள் வந்ததும் நேரம் மிச்சமாகுமே என்று. மார்பில் கட்டுகிற துணியைக்கூட நானே கட்டிக்கொண்டேன். சாயங்காலம் காவலாளி விளக்கை அணைக்க வந்தார். “டாக்டர் யாரும் இல்லீங்களேம்மா, யாருக்காக உக்காந்திருக்கீங்க?” என்று கேட்டார். அந்தத் துணியோடேயே எழுந்து என் அறைக்குப் போய்விட்டேன்.

பல் உடைந்தது புது வருஷத்தன்று. ரொட்டித் துண்டுதான், கல்லோ எலும்போ ஒன்றும் இல்லை. மேலிருந்து வேர் வரைக்கும் பிளந்துவிட்டது. மேடம் பார்த்தார்கள். காப்பாற்ற முடியாது என்று சொல்வதற்கு முன்னால் என்னிடம், “எவ்வளவு நாளாக வலிக்கிறது?” என்று கேட்டார்கள். நான் பதில் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசவில்லை. அப்புறம்தான் பிடுங்கினார்கள்.

அதை எறிய மனசு வரவில்லை. ஆய்வில் சேர்க்கவும் கூடாது. எனக்காக மட்டும் அந்த முன் வேரை அறுத்து நுண்ணோக்கியில் வைத்தேன். இந்தப் பெட்டியில் சின்ன சீசாவில், ஈரப் பஞ்சுக்குள் இரண்டு பாதியும் இருக்கின்றன. படத்தையும் வைத்திருக்கிறேன்.

நீங்கள் சுத்தம் செய்த கால்வாய் அவ்வளவு அழகாக இருக்கிறது. கடைசிவரை ஒரே சீராக, உங்கள் சுண்ணாம்பு மருந்து இன்னமும் வெள்ளையாக. அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன் என்றால் நம்புவீர்களா? உங்கள் கை நல்ல கைதான். அதற்குப் பக்கத்தில், மெல்லிய கூரை மாதிரி ஒரு விளிம்புக்குக் கீழே, நான்காவது இருக்கிறது. அதற்குள் யாருடைய ஊசியும் போகவில்லை. உள்ளே கருத்துக் காய்ந்த நூல் மாதிரி ஒன்று கிடக்கிறது. நரம்பு. இத்தனை நாளும் உயிரோடு இருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் செத்திருக்கிறது.

என் மருந்து எவ்வளவு நுண்ணியதாக இருந்தாலும் இதற்குள் போயிருக்காது. திறந்தால்தானே போகும்.

குத்திக்காட்ட இதை எழுதவில்லை. எனக்கே ஒரு சந்தேகம் இருந்தது. வலி என் மனசில்தானோ, அப்பா போனதிலிருந்து நான்தான் எல்லாவற்றையும் பெரிதாக்குகிறேனோ என்று. படத்தைப் பார்த்ததும் அந்தச் சந்தேகம் போய்விட்டது. எனக்கு வலித்தது. உண்மையாகவே வலித்தது.

அடுத்த கட்ட ஆய்வுக்கு மூன்று வருஷம் இருக்கச் சொன்னார்கள். நேற்று கையெழுத்துப் போட்டுவிட்டேன். ஜனவரி பதினைந்துக்கு வர வேண்டாம். மூடுவதற்குப் பல் இல்லை.

இப்படிக்கு,
நான்


பிப்ரவரி 12

அன்புள்ள பொடிக்கு,

சீசா வந்து ஒரு மாதம் ஆகிறது. முதல் வாரம் திறக்கவில்லை. நர்ஸக்கா அது என்ன என்று தெரியாமல் மற்ற சீசாக்களோடு சேர்த்து அலமாரியில் வைத்துவிட்டார்கள். வாய்க்கு வந்தபடி கத்திவிட்டேன். “யாரு பல்லு சார் அது?” என்று கேட்டார்கள். சொன்னேன். அழுதுகொண்டே வெளியே போய்விட்டார்கள். அன்று சிரித்தது அவர்களுக்கும் ஞாபகம் இருக்கிறது போல.

புது விளக்கின் கீழே கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தேன். நான் தேடிய இடம் சரிதான். இன்னும் ஒரு மயிரிழை உள்ளே தள்ளி, அந்த விளிம்பைக் கொஞ்சம் சுரண்டியிருந்தால் ஊசி விழுந்திருக்கும். சூடாகக் குடித்தால் வலிக்கிறது என்று நீ முதல் கடிதத்திலேயே எழுதியிருந்தாய். வேலை முடித்த பல்லில் சூடு பட்டு வலித்தால் எங்கேயோ ஒரு கால்வாய் விட்டுப்போயிருக்கிறது என்று அர்த்தம். மூன்றாம் வருஷத்துப் பையனுக்குத் தெரியும். வேறு யார் வந்து அப்படிச் சொல்லியிருந்தாலும் மறுபடி திறந்து பார்த்திருப்பேன். நீ சொன்னதால் பார்க்கவில்லை. ஏன் என்று யோசித்து யோசித்துப் பார்க்கிறேன். வீட்டு மனுஷி சொல்வது எனக்குக் காதில் விழுவதே இல்லை போலிருக்கிறது.

உன் அலமாரியை யாரும் தொடவில்லை. தொடவும் மாட்டார்கள். நீ கையெழுத்துப் போட்டதை மாற்றச் சொல்லி இதை எழுதவில்லை. கேட்டால் நீ இன்னும் தூரமாகப் போவாய் என்று தெரியும். ஆனால் வா என்று சொல்லாமலும் இருக்க முடியவில்லை. வந்துவிடு பொடி. இல்லை, நான் வருகிறேன். கிளினிக்கைப் பூட்டிவிட்டு வருகிறேன்.

அதற்கு முன்னால் ஒன்று கேட்கிறேன். உங்கள் மேடம் கேட்டது. மாமா போன் பண்ணிய அன்றும் நான் கேட்டிருக்க வேண்டியது. உனக்கு எப்படி வலித்தது? எப்போது ஆரம்பித்தது, எங்கே வலித்தது, எவ்வளவு நேரம் நின்றது, ராத்திரி தூங்கவிட்டதா? பல்லையும் சொல், மற்றதையும் சொல். எத்தனை பக்கம் ஆனாலும் எழுது. நான் ஒண்ணும் இல்லை என்று சொல்ல மாட்டேன். உட்கார்ந்து முழுக்கப் படிக்கிறேன்.

பதில் வரும்வரை உன் சீசாவுக்குத் தண்ணீர் மாற்றிக்கொண்டிருக்கிறேன். காய்ந்துபோனால் உதவாது என்று நீதானே சொன்னாய்.

உன்,
நான்


மார்ச் 18

என்னங்க,

பெட்டியைக் காலியாகவே திருப்பி அனுப்புகிறேன். பற்கள் போதும். அடுத்த கட்டத்துக்கு இங்கேயே ஏற்பாடு செய்துவிட்டார்கள். நர்ஸக்காவுக்கு என் நன்றியைச் சொல்லுங்கள், அவர்கள் ஒட்டிய டேப்பில் ஒரு சொட்டுக்கூட ஒழுகியதில்லை. அத்தையையும் கேட்டதாகச் சொல்லுங்கள்.

நீங்கள் கேட்டதற்கு எழுதலாம் என்று மூன்று நாளாக உட்கார்ந்து பார்த்தேன். நிஜமாகவே முயற்சி செய்தேன். நாக்கை அந்தப் பள்ளத்தில் வைத்து, கண்ணை மூடி, அது எப்படி இருந்தது என்று நினைத்துப் பார்த்தேன். வெந்நீர் வைத்துக் குடித்துப் பார்த்தேன். அப்பாவின் குரலை ஞாபகப்படுத்திப் பார்த்தேன். அவரை நினைத்தால் அழுகை வருகிறது. உங்களை நினைத்தால் வரவில்லை.

போன வருஷம் இதே கேள்வியைக் கேட்டிருந்தால் பெட்டி கொள்ளாத அளவுக்கு எழுதியிருப்பேன். ஒவ்வொரு நாளும் உங்களிடம் சொல்லத்தானே காத்துக்கொண்டிருந்தேன். இப்போது நீங்கள் கேட்க உட்கார்ந்திருக்கிறீர்கள், என்னிடம் சொல்ல ஒன்றும் இல்லை. உங்களை அப்படி உட்காரவைத்துவிட்டு நான் சும்மா இருப்பது பாவமாகத்தான் இருக்கிறது.

வர வேண்டாம். சீசாவுக்கு இனித் தண்ணீர் மாற்ற வேண்டாம்.

இப்போது வலிக்கவில்லை.

பொடி